வாயை மட்டும் அசைத்தால் போதுமாம்

இதை எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரண்டு பக்கத்துக்கு மேல் நான் கடைசியாக எழுதியது அந்தப் பரீட்சையில்தான். சங்கீதம் முறையாகப் படித்தவளும் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். பேசத் தெரிந்திருந்தால் பேசியே தீர்த்திருப்பேன். பேச வேண்டிய இடத்தில் ஒன்றரை வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. மீதியெல்லாம் உள்ளே கிடந்து கொதிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடம் ஆல்ட்டோ பாடினேன். எங்கள் ஆலயங்களில் கீதங்களை நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடுவது வழக்கம். பெண்களில் உச்சத்தில் பாடுகிறவர்கள் சொப்ரானோ. பாட்டின் மெட்டு அவர்களிடம்தான் இருக்கும். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் முணுமுணுப்பது அவர்கள் பாடியதைத்தான். ஆண்களில் மேல் குரல் டெனர், அடிக்குரல் பேஸ். சொப்ரானோவுக்குக் கீழே, மெட்டும் இல்லாமல் அடித்தளமும் இல்லாமல் நடுவில் ஒளிந்துகொண்டு பாடும் பெண்கள்தான் ஆல்ட்டோ. நாங்கள் நாலு பேர் இருந்தோம்.

சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் நான் காலர் பகுதியில் வேலை பார்க்கிறேன். காலருக்கு உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைப்போம். சட்டை போடுகிறவர் அதைப் பார்க்கப் போவதே இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் காலர் துவண்டு விழுந்துவிடும். ஆல்ட்டோவும் அதுபோலத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது என்னையறியாமல் என் பாகத்தை முணுமுணுப்பேன். பக்கத்து மெஷினில் தைக்கும் பெண் ஒருநாள் கேட்டாள்:

"இன்னா பாட்டுக்கா அது? பாதிப் பாட்டு மாரியே கீது. எப்போ முழுசாப் பாடுவே?"

"இதுதாம்மா என் பாட்டு. மீதி வேற ஆளுங்ககிட்ட இருக்கு."

"நல்லா கீதே கதை. அவங்க வரலைன்னா?"

"அதெப்படி வராம இருப்பாங்க?"

"உன் நம்பிக்கைக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காலரை எடுத்துக்கொண்டாள்.

கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு ஆல்ட்டோவைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இத்தனை பேர் நிறைந்த ஆலயத்தில் என் குரலை மட்டும் பிரித்துக் கேட்டவர் யாரும் இல்லை. அதனால்தான் என்னால் பாட முடிந்தது. மூன்று பெண்களின் குரலுக்குள் என் குரலைப் போட்டுவிட்டால், அது என்னுடையதாகவும் இருக்கும், என்னுடையது இல்லாமலும் இருக்கும். வாரம் ஆறு நாள் வாய் திறக்காத ஒருத்திக்கு ஏழாவது நாளில் அப்படி ஒன்று கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேசத் தெரிந்தவர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

கல்யாணமாகிப் பெருங்களத்தூருக்கு வந்த வருடம் என்னைக் குழுவில் சேர்த்தார்கள். மேல் ஸ்வரம் எட்டவில்லை என்பதால் ஆல்ட்டோவில் நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெப்பர்மின்டை இரண்டாகக் கடித்து எனக்குப் பாதி கொடுப்பார். எங்கள் சிநேகம் அப்படித்தான் வளர்ந்தது. மற்ற இரண்டு பேரும் பாட ஆரம்பிக்கும்போது அக்காவின் குரலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அக்கா போன வழியில் ஆல்ட்டோ போகும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பாகத்தின் ஸ்வரங்களை, டோ ரே மீ என்று, அவரவர் நோட்டில் அவரவர் கையால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பார்கள். சேர்ந்த புதிதில் நானும் ஆலயத்தின் பெரிய புத்தகத்தைப் பார்த்து ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டேன்.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாடகர் குழுவுக்கென்றே ஒதுக்குவார்கள். அன்றைக்கு ஒரு பழைய துதிக் கீதத்தைத் தவறாமல் பாடுவோம். அதன் மூன்றாவது சரணத்தில் வாத்தியம் நின்றுவிடும். நான்கு குரல்கள் மட்டும்தான். இரண்டாவது அடியின் முடிவில் ஓர் இடம் வரும். அங்கே பாட்டு ஒரு நொடி முகம் வாடி, பிறகு நிமிரும். அந்த வாட்டம் ஆல்ட்டோவிலிருந்துதான் வருகிறது என்பது பாடுகிற எங்களுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் கேட்பார்கள். கடைசி பெஞ்சில் உட்காரும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வருடா வருடம் வாசலில் நின்று சொல்வார்: "மூணாவது சரணத்துல அந்த ஒரு இடம் வருது பாருங்கம்மா, எனக்கு அங்க அழுகை வந்துடும். வேற சர்ச்லயும் இதே பாட்டக் கேட்டிருக்கேன். அங்க அது வர்றதில்ல." எங்களுக்குப் பெருமையாக இருக்கும். நம் குழுவின் பயிற்சி அப்படி என்று நினைத்துக்கொள்வோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "வேணாம்", "போ", "பாடு" என்று நாலைந்து சொற்கள்தான் மிச்சம். ஆனால் ஓர் அதிசயம், பாட்டு போகவில்லை. சொல் வராவிட்டாலும் ஸ்வரம் வந்தது. கொரோனா காலத்தில் தொடங்கிய யூடியூப் நேரலை எங்கள் சபையில் இன்னும் நடக்கிறது. ஞாயிறு காலையில் அக்காவின் மருமகள் அவர் மடியில் செல்போனை நிறுத்தி வைத்துவிடுவாள். அக்கா எங்கள் கூடவே, வாயை மூடியபடி, தன் பாகத்தைப் பாடுவார். மத்தியானம் நான் ஷேர் ஆட்டோ பிடித்து சேலையூர் போவேன். நாங்கள் எங்காவது தாளம் இழுத்திருந்தால் இடது கை விரலை ஆட்டி என்னைத் திட்டுவார். வீட்டில் படுத்திருந்தாலும் அவர் குழுவில்தான் இருந்தார். அவருக்கு வேறு எதில் இடம் இருந்தது, சொல்லுங்கள்?

இப்போதைய பாடகர் குழுத் தலைவர் முப்பது சொச்சம் வயதுள்ள தம்பி. ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் வேலை. கெட்ட பிள்ளை இல்லை. அக்கா விழுந்த அன்று தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். காதும் சுத்தமானது. அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வந்தது. தெரியாதவன் செய்தால் விட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சபையார் சிலர் நேரலையில் குழுவின் சத்தம் நன்றாக இல்லை என்று எழுதினார்களாம். இந்த வருடம் பாடகர் ஞாயிறுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சியில் தம்பி அறிவித்தார். கீதத்தை ஸ்டுடியோவில் பதிவு செய்வோம். அன்றைக்கு அதை ஒலிபரப்புவோம். நாம் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேஸ் பாடும் அங்கிள் ஒருவர், கல்லூரியில் லேப் வேலை பார்த்தவர், கையைத் தூக்கினார்.

"தம்பி, வாய் சொப்ரானோவுக்குச் சரி. பேஸ் பாடுறவங்க தொப்பையத்தானே அசைக்கணும்?"

சிரிப்பு எழுந்தது. தம்பியும் சிரித்தார். "அங்கிள், டிவில பெரிய பெரிய ஆளுங்களே இப்படித்தான் பண்றாங்க. இது ஏமாத்து இல்ல. பாடினது நாமதானே?"

"அப்ப பிரசங்கத்தையும் ரெக்கார்ட் பண்ணிட்டா பாஸ்டருக்கும் தொண்டை மிச்சம்."

"அங்கிள், ப்ளீஸ்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. எல்லாரும் சிரித்துவிட்டதால் யாரும் எதிர்க்கவில்லை. சிரிப்பு இருக்கிறதே, அது பல நேரங்களில் சம்மதத்தைவிட மோசமானது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டுடியோ குரோம்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை போலக் கறுப்புப் பஞ்சு. எல்லாரும் சேர்ந்து நின்று பாடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார்கள். தனித்தனியாகப் பாடினால்தான் சுத்தமாக இருக்குமாம். சேர்ந்து பாடுவதற்குத்தானே பாடகர் குழு என்று பேர் வைத்திருக்கிறார்கள்? பந்தியில் உட்காருகிறவர்களை ஒவ்வொருவராக அறையில் பூட்டிச் சோறு போட்டுவிட்டு, பிறகு போட்டோவில் பந்தியாக ஒட்டிக்காட்டுவார்களா?

என் காதில் பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியும் பதிவு செய்கிற பையனும்.

"கிட்ட வாங்க ஆன்ட்டி. மைக் கடிக்காது" என்றான் பையன்.

பாடினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தனியாகப் பாடினேன். பிறகு அதைப் போட்டுக் காட்டினார்கள். அது என் குரல் என்று நம்பவே எனக்கு நேரம் பிடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாமல், கடைத்தெருவில் வழி தவறிப்போன பிள்ளை மாதிரி நின்றது அந்தக் குரல். 

"மூணாவது வெர்ஸ்ல ஒரு நோட் தப்பா வருது ஆன்ட்டி" என்றார் தம்பி. "அங்க ஃபா இல்ல, ஃபே. அரைப்படி மேல."

"இல்ல தம்பி, ஃபாதான். நாங்க எப்பவும் அப்படித்தான்..."

அவர் உள்ளே வந்து செல்போனில் அச்சுப் புத்தகத்தின் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஃபே என்றுதான் இருந்தது. பாட்டு வாடுகிறதே, அந்த இடம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பையன் சிரித்தான்: "ப்ரோ, மூணு ஆன்ட்டியும் அதே தப்பு. மொத்த செட்டும் ஃபால்ட்டு."

திருத்திப் பாடச் சொன்னார்கள். மூன்று தடவை முயன்றேன். தொண்டை தானாக ஃபாவில் போய் விழுந்தது. "பரவால்ல ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மின்சார ரயிலில் திரும்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் நான்கு பெண்கள் ஒன்றாகத் தப்புப் பண்ணுவோமா? புத்தகம்தான் தப்பு என்று மனதுக்குள் அடித்துச் சொன்னேன். அக்காவின் நோட்டைக் கொண்டுபோய்த் தம்பி முகத்துக்கு நேராகக் காட்டுவது என்று முடிவு செய்து, தாம்பரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கிழக்குப் பக்கமாக வெளியே வந்து சேலையூர் போனேன்.

மருமகள் பீரோவிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் சரணம், இரண்டாம் அடி. நீல மையில், அக்காவின் அழகான கையெழுத்தில், ஃபே. அதற்கு மேலே பென்சிலால் சின்னதாக ஃபா.

என் நோட்டில் அந்த இடத்தில் மையிலேயே ஃபாதான் இருக்கிறது. அப்போதுதான் புரிந்தது. சேர்ந்த புதிதில் நான் பெரிய புத்தகத்தைப் பார்த்து எழுதியபோது கண் தப்பி, மேல் வரியின் ஸ்வரத்தை இந்த வரியில் எழுதியிருக்கிறேன். தப்பு என்னுடையது. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அது கேட்டிருக்கிறது. என்னைத் திருத்துவதற்குப் பதில் அவர் என் ஸ்வரத்துக்கு இறங்கி வந்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் வழக்கம்போல அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். ரயில்வேக்காரர் அழுத இடம் என் கண் தப்பிய இடம்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

அவரால் பதில் சொல்ல முடியாது. புதிதாகக் கல்யாணமாகி வந்தவளை எல்லார் முன்னாலும் திருத்த வேண்டாம் என்று நினைத்தாரோ, பிறகு சொல்லலாம் என்று விட்டுப் பழகிப்போனதோ, இல்லை அந்த ஸ்வரம் அவருக்கே பிடித்துப்போனதோ, எனக்குத் தெரியாது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தார். பிறகு இடது கையால் செல்போனைக் காட்டி, என்னைக் காட்டி, தன் காதைத் தொட்டார். ஞாயிற்றுக்கிழமை கேட்பேன் என்று அர்த்தம்.

"கண்டிப்பாக்கா. நாங்க பாடுவோம், நீங்க கேப்பீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பயிற்சி என்ற பெயரில் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பதிவை ஓடவிட்டு, எங்களை வாய் அசைக்கப் பழக்கினார்கள். "பல்லு தெரியணும் ஆன்ட்டி. கண்ல ஒரு சந்தோஷம் வேணும்" என்று தம்பி செல்போனில் படமெடுத்துக் காட்டினார். இருபது பெரிய மனிதர்கள் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினோம்.

மூன்றாவது சரணம் வந்தது. ஃபே, டியூப் லைட் போட்ட மாதிரி பளிச்சென்று. எனக்குச் சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஆல்ட்டோ பெண்ணைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா? நம்ம மூணு பேர் பாடினதும் சரிவரலையாம். தம்பியோட வைஃப் பாடினதையே நாலு தடவ அடுக்கிப் போட்டுட்டாங்களாம்" என்றாள், சேலையில் ஏதோ கறை பட்டதைச் சொல்வதுபோல.

பாடினது நாமதானே என்றாரே, அதுவும் போயிற்று!

அன்று எப்படித்தான் எனக்குத் துணிச்சல் வந்ததோ, எல்லாரும் போகிறவரை காத்திருந்து தம்பியிடம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று நாலு தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"தம்பி, சேலையூர்ல அக்கா கேப்பாங்க."

"கேக்கட்டுமே ஆன்ட்டி. இந்த வாட்டிதான் அவங்களுக்கு க்ளியராக் கேக்கும்."

"அந்த மூணாவது சரணம் மட்டும் நாங்க நிஜமாப் பாடறோமே. வாத்தியம் இல்லாத இடம்தானே."

"நடுவுல ட்ராக்க நிறுத்தி மைக் ஆன் பண்ணினா சவுண்ட் மாறிடும் ஆன்ட்டி. அதுவும் அந்த நோட்..." அவர் முடிக்கவில்லை. என்னைப் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. "உலகம் பூரா பாக்குறாங்க ஆன்ட்டி. தப்பா போயிடக் கூடாதில்ல?"

உலகம் பூராவும் பார்க்கிறதாம். சேலையூர் உலகத்தில் இல்லையா? எங்கோ குளிர் தேசத்தில் காபி குடித்துக்கொண்டு பார்க்கிறவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக, இருபத்தெட்டு வருடம் இந்த ஆலயத்தில் நின்று பாடியவருக்கு அவருடைய பாட்டை இல்லாமல் பண்ணலாமா? புத்தகத்தின்படி அது தப்புதான். நான் மறுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகு எனக்கு வெட்கமும் இருந்தது. ஆனால் நாலு பேர் தெரிந்தும் தெரியாமலும் சேர்ந்து சுமந்த தப்புக்கும், ஒருத்தி நாலு பேராக நிற்கிற சரிக்கும் நடுவில் எது பாட்டு என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். இதையெல்லாம் அங்கே சொன்னேனா? இல்லை. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனேன்.

பாடகர் ஞாயிறு வந்தது. வெள்ளை அங்கி போட்டு வரிசையாக நின்றோம். எங்களுக்கு முன்னால் மைக்குகள் அலங்காரத்துக்கு நின்றன. கேமரா முக்காலியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. எனக்கு இருபுறமும் வாய்கள் அசைந்தன.

நான் வாயை மூடிக்கொண்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்து நின்றேன். மூன்று சரணமும் அப்படியே நின்றேன். சத்தத்தில் பொய் சொல்லிவிட்டார்கள், படத்திலாவது அக்காவுக்கு உண்மை தெரியட்டும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. அந்த இடம் வந்தபோது கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ரயில்வேக்காரர் மூடியிருந்த கண்ணைத் திறந்து, ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

முடிந்ததும் கைதட்டல். வாசலில் எத்தனையோ பேர் என் கையைக் குலுக்கினார்கள். "இந்த வருஷம் ஆல்ட்டோ சூப்பர்ம்மா, தனியாத் தெரிஞ்சுது" என்றார் ஒருவர், வாயைத் திறக்காமல் நின்ற என்னிடம். இன்னொருவர், "ஏம்மா, உடம்பு சரியில்லையா? வாயே அசையலையே" என்றார். இருபத்தாறு வருடம் நான் பாடியதை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் வாயை மூடியதும் எத்தனை பேருக்கு அக்கறை! ரயில்வேக்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்று, "அந்த இடம் வரலியேம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தேன்.

தம்பி பின்னாலேயே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டுதான் பேசினார்.

"ஆன்ட்டி, கேமரா உங்க மேலேயே இருந்துச்சு. அட்லீஸ்ட் வாயாவது அசைச்சிருக்கலாம்ல?"

"தப்பாப் பாடியிருக்கேன் தம்பி" என்றேன். "பாடாம பாடினதில்ல."

அந்த ஒன்றரை வரியைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டேன்.

மத்தியானம் சேலையூர் போகும்போது எனக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கதவைத் திறந்த மருமகள், "காலையிலேர்ந்து ஒரே கோவம். போனையே தட்டி விட்டுட்டாங்க. நீங்களே வந்து சமாதானப்படுத்துங்க" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போ" என்றார்.

"அக்கா, அது நாங்க இல்ல. ரெக்கார்ட் பண்ணினது. அதுவும் எங்க குரலே கிடையாது."

தெரியும் என்பதுபோலக் காதைத் தொட்டுக் கையை உதறினார். கேட்ட முதல் அடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். கோபம் அதற்கில்லை. திரும்பி, இடது கையின் இரண்டு விரலால் என் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். பிறகு கையை எடுத்து, "பாடு" என்றார். மறுபடியும், இன்னும் சத்தமாக, "பாடு!"

எனக்குச் சுருக்கென்றது. மைக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஒலிபெருக்கி அலறினால்தான் என்ன, நீ உன் பாகத்தைப் பாடியிருக்க வேண்டியதுதானே என்கிறார். வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் பெரிய எதிர்ப்பு என்று நினைத்தேன். வாயை மூடிக்கொள்வது எனக்கு என்ன புதிதா? வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! பாடியிருந்தால் முன் பெஞ்சில் இருந்த பத்துப் பேருக்காவது கேட்டிருக்கும். கடைசி பெஞ்சுக்கும் ஒருவேளை போயிருக்கும். அக்காவுக்கு என் உதடு அசைவதாவது தெரிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கூடப் பாடியிருப்பார்.

அந்த அறையில் கட்டிலோரம் நின்று மூன்றாவது சரணத்தைப் பாடினேன். மெட்டு இல்லாமல், ஆல்ட்டோவை மட்டும். அடுப்பங்கரையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. அக்கா முதல் அடி முழுக்கக் கோபமாகவே இருந்தார். இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. அடுத்த பண்டிகைக்கான பதிவு சனிக்கிழமை நாலு மணிக்கு என்று குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பதிவுக்கு வரமாட்டேன், பண்டிகை அன்று வந்து நின்று பாடுவேன் என்று நான் எழுதி அனுப்பினேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பார்த்தபோது தம்பி பதில் போட்டிருந்தார். இந்தப் பண்டிகைக்கு ஆல்ட்டோ ஏற்கெனவே தயாராக இருக்கிறது, ஆன்ட்டி ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. கடைசியில் ஒரு கும்பிடும் கை.